வதி

நிலாவெளிக் களப்பு, மார்கழி, விடிய ஐந்தரை.
நௌபர் வலைச்சிக்கைப் பிரிக்கிறான்.
நீலச்சிறகித் தாராவை இடக்கையில் ஏந்தி
பஞ்சுக் குச்சியை நுழைக்கிறேன்.
ஒவ்வொரு பறவைக்கும் அவன் "மன்னிச்சுக்கொள்" என்பான்.
பதினேழு பறவை, பதினேழு மன்னிப்பு.
சைபீரியாவிலிருந்து வந்ததற்கு என்ன விளங்கியதோ,
என் முழங்கையில் எச்சமிட்டுப் பறந்தது.
அதையும் ஒரு ரியூப்பில் எடுத்தோம்.

அடுத்த பெட்டி கிண்ணியாவில், பஸீனாவின் கோழிப்பண்ணை.
"முட்டை குறைஞ்சிட்டு மிஸ். சாகல்ல,
சும்மா கொறுகொறு எண்டு இழுக்குதுகள்."

மூன்று வாரம் கழித்துத் திரையில் இரண்டு வரிசைகள்.
நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட கடிதம்.
இந்த வைரஸைப் படியெடுக்கும் நொதிக்கு
எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமில்லை.
பிழைகளில் பெரும்பாலானவை
பிறந்த கலத்திலேயே அடங்கிவிடும்.
அவற்றை எவரும் எண்ணுவதில்லை.

மிஞ்சியது ஒன்று.
வைரஸின் மேல் காளான்போல நிற்கும் புரதம்,
தலையும் அதன்கீழ்க் காம்பும்.
தாராவில் காம்பு நீளம்.
கோழியில் அறுபது எழுத்தைக் காணவில்லை,
அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிப் படியெடுத்ததுபோல.

குறைந்ததை ஊனம் என்றுதான் நினைப்போம்.
கோழியின் மூச்சுக்குழாயிலோ
அந்தக் குட்டைக் காம்பன்தான் நெடியவனை முந்துகிறான்.
தாராவிடம் திருப்பி அனுப்பு,
திணறுவான்.

இதைத் 'தகுதி' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.
பரீட்சைப் பெறுபேறுபோல ஒலிக்கிறது.
எனக்குப் 'பொருத்தம்' பிடிக்கும்,
யாரோடு என்று கேட்கவைக்கிற சொல்.

என் பெயர் திலகவதி.
தொண்ணூற்றெட்டில் அடையாள அட்டை வந்தது:
அப்பா ஓரெழுத்தாய்ச் சுருங்கி, நான் திலகாவாகி.
கொழும்பில் எந்த மேசையோ, எந்த லிகிதரோ,
தேநீர் ஆறிக்கொண்டிருந்ததோ,
'வதி' விழுந்துவிட்டது.

கன்னியா வீதிச் சோதனைச் சாவடியில்
அட்டையைப் பார்த்துவிட்டு "ஹரி, யன்ன" என்றார்கள்.
எனக்குப் பின்னால் நின்ற தேவகாந்தியை மறித்தார்கள்.
மறுநாள்தான் வீடு வந்தாள்.
அதைப்பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

அதே அட்டையைச் சம்பூர்ப் பக்கம் நீட்டியபோது
"திலகாவோ? எந்த ஊர்த் திலகா?" என்றார்கள் பெடியள்.
பாலைமர நிழல் அவர்களுக்கு,
இரண்டு மணித்தியால வெயில் எனக்கு.

அந்த லிகிதர் எனக்கு நல்லது நினைத்தவரல்ல.
கெட்டதும் நினைத்திருக்க மாட்டார்.
ஒரு வரி ஒழுங்காக விழவில்லை, அவ்வளவுதான்.
மிச்சத்தைச் சாவடிகள் பார்த்துக்கொண்டன.

வதிதல் என்றால் தங்குதல்.
விதானை கேட்கும் வதிவிடச் சான்றிதழில்
இன்னும் இருக்கிறது அந்தச் சொல்.
வைரஸுக்கு அதைக் கொடுக்க விதானை இல்லை;
தங்கினால் தங்கியதுதான்.

அறுநூற்று இருபத்தேழாம் இடத்தை
ஒவ்வொரு முறையும் முதலில் போய்ப் பார்ப்பேன்.
பறவையின் உடல் நாற்பத்தொரு பாகை,
நம்முடைய மூக்கு முப்பத்துமூன்று.
அங்கே ஓரெழுத்து மாறினால்
இந்தக் குளிர் அதற்குப் பழகத் தொடங்கும்.
அது மட்டும் போதாது, தெரியும்.
ஆனாலும் விரல் அங்கேதான் போகிறது.

மாறவில்லை.
கொல்லும் வகையுமல்ல.
அறிக்கையின் கீழ் 'திலகா' என்றே ஒப்பமிடுகிறேன்,
சம்பளம் அவளுக்குத்தான் வருகிறது.
யன்னலுக்கு வெளியே நகரத்து மான் ஒன்று
எங்கள் சோற்றுப் பார்சல் தாளைத் தின்கிறது.

நௌபரின் அழைப்பு.
பஸீனா இரண்டு நாளாக இருமுகிறாவாம்.
"தடிமன்தான், மிஸ்ஸுக்குச் சொல்லாதே" என்றாவாம்.

சுகாதார அலுவலகத்துக்கு எண்ணை அழுத்துகிறேன்.
மணி போகிறது. எடுக்கிறார்கள்.
"யார் கதைக்கிறது? பெயர்?"
ஒரு கணம்
எனக்கு வாய் வரவில்லை.